செட்டிநாட்டு வீட்டுக்கும் சாமான்களுக்கும் எவ்வளவு தொகைக்குக் காப்பீடு எடுப்பது?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துப் பூர்வீக வீட்டுக்குக் காப்பீடு எடுக்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது அந்த வீடு இன்று என்ன விலை போகும் என்பதைத்தான். காப்பீட்டுக்கு அந்தக் கணக்கு பயன்படாது, ஏனெனில் விற்பனை விலையில் மனையின் மதிப்பும் சேர்ந்திருக்கும். மனை தீப்பிடித்து அழிவதில்லை. இடிந்தால் அதே கட்டடத்தை மறுபடி எழுப்ப என்ன செலவாகும் என்பதே அடிப்படை.

2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொதுவான பாலிசியில், உட்பரப்பைச் சதுர அடிக் கட்டுமானச் செலவால் பெருக்கிக் கட்டடத்தின் காப்பீட்டுத் தொகையை முடிவு செய்கிறார்கள். இங்கேதான் நம் வீடுகளுக்குச் சிக்கல். பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடித் தளம், சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெழுகிய சுவர் ஆகியவற்றைக் கொண்ட முகப்பையும் வளவையும் (நடு முற்றத்தைச் சுற்றிய பகுதி) சாதாரண கான்கிரீட் வீட்டுக்குரிய விலையில் கணக்கிட்டால், கையில் வரும் தொகை வீட்டின் ஒரு கட்டுப் பகுதியை மறுபடி எழுப்பவும் போதாது. பழைய வீடுகளில் வேலை செய்து பழகிய கொத்தனாரிடமோ பொறியாளரிடமோ எழுத்து மூலம் மதிப்பீடு வாங்கி, அந்த விலையிலேயே தொகையைக் கேளுங்கள். பிரீமியம் கூடும், ஆனாலும் இதில் சிக்கனம் பார்ப்பது சரியல்ல என்பது என் கருத்து.

சாமான்களுக்கு, கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை தானாகவே பாதுகாப்பு கிடைக்கும். 5,000 சதுர அடி வீட்டைச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் வீதம் 1.25 கோடிக்குக் காப்பீடு செய்தாலும் சாமான்களுக்கு 25 லட்சம் அல்ல, 10 லட்சம்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் பட்டியல் கொடுத்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். நகை, ஓவியம், அரிய பழம்பொருள்கள் ஆகியவற்றுக்குத் தனி விருப்பப் பாதுகாப்பு உண்டு. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பே அதில் செல்லும். பெல்ஜியம் கண்ணாடியையும் தஞ்சாவூர் ஓவியத்தையும் வெறும் ‘வீட்டுச் சாமான்’ என்று எழுதிவிடாமல் இதில் சேருங்கள். பணமும் பத்திரங்களும் பொதுவாக இதில் அடங்கா.

திருட்டு விஷயத்தில் கவனம் தேவை. இந்தப் பாலிசி, தீ, வெள்ளம் போன்ற காப்பீடு பெற்ற நிகழ்வு நடந்து 7 நாள்களுக்குள் அதை ஒட்டி நேரும் திருட்டை மட்டுமே ஏற்கிறது. ஆண்டில் பல மாதம் பூட்டிக் கிடந்து, திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் மட்டும் திறக்கப்படும் வீடானால், பூட்டை உடைத்து நடக்கும் திருட்டுக்குத் தனிப் பாலிசி எடுப்பதே சரி. வீட்டில் ஆள் குடியிருக்கவில்லை என்பதை விண்ணப்பத்திலேயே சொல்லி, அப்போதும் பாதுகாப்பு தொடருமா என்பதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வீடு பங்காளிகள் பலருக்குச் சொந்தமென்றால், ஒருவர் மட்டும் தம் பெயரில் பாலிசி எடுப்பது இழப்பீடு கேட்கும் நேரத்தில் தகராறில் கொண்டுபோய் விடும். எல்லாப் புள்ளிகளின் (பங்குள்ள குடும்பங்களின்) பெயரையும் சேர்த்து, யார் எவ்வளவு பிரீமியம் தருவது, பணம் வந்தால் வீட்டைக் கட்டுவதா பிரித்துக்கொள்வதா என்பதை முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.