இரண்டாவது கதை வருமா? எழுத்துக் குழுக்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் இணைய எழுத்துக் குழு நன்றாக நடக்கிறதா என்று பார்க்க உறுப்பினர் எண்ணிக்கை உதவாது. முதல் கதையை அனுப்பியவர்களில் எத்தனை பேர் இரண்டாவது கதையை அனுப்பினார்கள், ஒருமுறை போட்டி நடத்தியவர்களில் எத்தனை பேர் மறுபடியும் நடத்த முன்வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 200 பேர் உள்ள குழுவில் அதே பத்துப் பேர் எழுதி, அதே இரண்டு பேர் போட்டி நடத்துகிறார்கள் என்றால் எங்கோ தவறு நடந்துகொண்டிருக்கிறது. அந்தத் தவறுகள் பெரும்பாலும் நல்ல மனத்தோடுதான் செய்யப்படுகின்றன. அதனால்தான் கண்ணில் படுவதில்லை.

புதியவர்களுக்கு இடம் ஒதுக்குவது சிங்கப்பூருக்குப் பழகிய வேலை. 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இதழில் அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணி மாணவர் மணிமன்றம் என்று இளையர்களுக்கெனத் தனிப் பகுதியே வைத்திருந்தார். மூத்தவர்களின் எழுத்துக்கு நடுவே பிள்ளைகளின் எழுத்து காணாமல் போகாமல் இருக்க அப்படி ஓர் இடம் தேவைப்பட்டது. இன்றைய வாட்ஸ்அப் குழுவில் அந்த இடத்தை யாராவது வேண்டுமென்றே உண்டாக்கினால்தான் உண்டு.

முதல் கதைக்குக் கிடைக்கும் பதில்

தவறுகளில் பெரியது, பதில் இல்லாமல் விடுவது. சனிக்கிழமை இரவு ஒருவர் தயங்கித் தயங்கித் தன் முதல் கதையைப் போடுகிறார். ஞாயிறு காலைக்குள் அதன்மேல் வணக்கச் செய்திகள், பிறந்தநாள் வாழ்த்துகள், எங்கிருந்தோ வந்த காணொளிகள் என்று அறுபது செய்திகள் ஏறிவிடும். கதை மூழ்கிவிடும். யாரும் அவரை ஒதுக்கவில்லை, யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் எழுதியவர் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார். ‘நல்லா இல்லை போல’ என்று முடிவு செய்துகொண்டு ஓசையில்லாமல் ஒதுங்கிவிடுவார்.

இதைத் தடுக்க ‘எல்லாரும் கருத்துச் சொல்லுங்கள்’ என்ற பொது வேண்டுகோள் போதாது. எல்லாருக்கும் பொதுவான வேலையை யாரும் எடுத்துச் செய்வதில்லை. வாரத்துக்கு இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். புதியவரின் படைப்புக்கு 48 மணி நேரத்துக்குள் பதில் எழுதுவது மட்டும்தான் அவர்களுடைய வேலை. பதிலைத் தனிச் செய்தியாகப் போடாமல், கதை இருக்கும் செய்தியையே அழுத்திப் பிடித்து அதற்குப் பதிலாக எழுதச் சொல்லுங்கள். மேலே போய்விட்ட கதைக்கு அப்போது வழி கிடைக்கும், மற்றவர்களும் தொட்டுப் படிப்பார்கள்.

அடுத்தது ‘அருமை’, ‘சூப்பர்’, கைதட்டும் படம். இவை தீங்கில்லாதவை என்று தோன்றும். ஆனால் படித்தவரும் படிக்காதவரும் ஒரே சொல்லைப் போட முடிகிறது என்பது எழுதியவருக்குத் தெரியும். நான்கு வரி போதும்: மனத்தில் நின்ற ஒரு வரியை அப்படியே எடுத்துக் காட்டுவது, குழம்பிய ஓரிடத்தைச் சொல்வது, ஒரு கேள்வி கேட்பது, அடுத்ததை எதிர்பார்ப்பதாகச் சொல்வது. இப்படி:

‘லிஃப்ட் கதவு மூடும்வரை பாட்டி கையை இறக்கவில்லை என்ற வரியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். பேரன் எங்கே போகிறான் என்பது மூன்றாவது பத்தியில்தான் தெரிகிறது. முன்பே தெரிந்தால் அந்தக் கை இன்னும் கனக்கும். பாட்டிக்குப் பெயர் வைக்காததற்குக் காரணம் உண்டா? அடுத்த கதையையும் இங்கேயே போடுங்கள்.’

கேள்வி இதில் முக்கியம். கேள்வி கேட்டால் எழுதியவர் திரும்பி வந்து பேசுவார். பேசத் தொடங்கியவர் தங்கிவிடுவார்.

பிழைகளைப் பொதுவில் பட்டியல் போடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே எழுத வருபவர்கள் ஒரே வகையினர் அல்லர். பள்ளியில் தமிழை ஒரு பாடமாக மட்டும் படித்து, மற்ற எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்த இளையர் இருக்கிறார். சாதாரண நிலைத் தேர்வோடு தமிழை விட்டு, இருபது ஆண்டு கழித்துத் திரும்புபவர் இருக்கிறார். கட்டுமானத் தளத்தில் வேலை முடித்து, விடுதிப் படுக்கையில் படுத்தபடி கைப்பேசியில் எழுதுபவர் இருக்கிறார். ஒருவருக்கு ண, ன தடுமாறும். ஒருவருக்கு ஒற்று விழும். ஒருவருடைய சொல்லைக் கைப்பேசியே மாற்றிப்போட்டிருக்கும். இவர்கள் எல்லாருக்கும் நாற்பது பிழைகளைச் சிவப்பில் வட்டமிட்டு 200 பேர் முன்னால் போட்டால், பிழை குறையாது. எழுத்துதான் நிற்கும்.

கதையில் திரும்பத் திரும்ப வரும் ஒரே ஒரு பிழையை மட்டும் எடுங்கள், தனிச் செய்தியில் சொல்லுங்கள், விதியோடு சொல்லுங்கள். ‘கதையை படித்தேன், அவனுக்கு கொடுத்தேன் என்று பல இடத்தில் வருகிறது. ஐ, கு என்னும் உருபுகள் வெளிப்பட்டு நிற்கும்போது அடுத்து க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: கதையைப் படித்தேன், அவனுக்குக் கொடுத்தேன்.’ இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டாலே அடுத்த கதையில் ஒற்றுப்பிழை நன்றாகக் குறையும். மற்றவை அடுத்த கதைக்கு இருக்கட்டும்.

பிழையல்லாததைப் பிழை என்று திருத்துவது இன்னும் மோசம். வெள்ளி, கோப்பிக்கடை, புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்), பசார் மாலாம் (இரவுச் சந்தை), தேக்கா (லிட்டில் இந்தியா வட்டாரம்) எல்லாம் இந்த ஊர்த் தமிழின் சொற்கள். ‘வெள்ளி’யை ‘டாலர்’ ஆக்கச் சொல்பவர், கதை நடக்கும் ஊரையே கதையிலிருந்து எடுத்துவிடுகிறார். இதன் மறுபக்கமும் உண்டு. சிவகங்கைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர் தன் ஊர்க் கண்மாயைப் பற்றி எழுதினால் ‘இது சிங்கப்பூர்க் கதை இல்லையே’ என்கிறார்கள். அவர் ஜூரோங்கில் இருந்துகொண்டு அந்தக் கண்மாயை நினைக்கிறார். அது இந்த ஊர்க் கதைதான்.

வரவேற்கும்போது துருவிக் கேட்காதீர்கள். சொந்த ஊர், வேலை, எந்த வகை வேலை அனுமதி பாஸில் இருக்கிறார் என்று கேட்டவுடனேயே ஒரு வரிசை உருவாகிவிடும். பெயர், விருப்பமான எழுத்து வகை, இவை போதும். வயதில் இளையவரைத் தனிப்பேச்சில் தம்பி, தங்கை என்று அழைக்கலாம். படைப்பைப் பற்றிப் பொதுவில் பேசும்போது எல்லாருக்கும் ‘நீங்கள்’தான்.

போட்டி நடத்த முன்வருபவரைத் தனியாக விடுவது

‘அடுத்த மாதப் போட்டியை நீங்க நடத்துங்களேன்’ என்று சொல்லிவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுகிறோம். அது எவ்வளவு வேலை என்று ஒருமுறை கணக்கிடுங்கள். 600 சொல்லில் 30 கதைகள் என்றால் 18,000 சொற்கள். ஒரு கதையைப் படித்துக் குறிப்பெழுதக் கால் மணி நேரம் வைத்தாலும் ஏழரை மணி நேரம். நியாயமாக இருமுறை படித்தால் பதினைந்து. வேலைக்குப் போய்வந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு செய்ய வேண்டிய பதினைந்து மணி நேரம் அது. இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘முடிவு எப்போ?’ என்று மூன்றாம் நாளே பொதுவில் கேட்பவர்களால்தான் நடத்துபவர்கள் ஓடிப்போகிறார்கள். முடிவுக்கு இரண்டு வாரம் என்று அறிவிப்பிலேயே போடுங்கள். நடத்துபவர், நடுவர்கள், படைப்புகளைப் பெற்று எண் கொடுப்பவர் என்று வேலையைப் பிரியுங்கள்.

விதிகளை அவசரமாக எழுதுவதால் வரும் சண்டைகள் அதிகம். தமிழில் சொல் எண்ணிக்கையே ஒரு சிக்கல். ‘வந்துகொண்டிருந்தான்’ ஒரு சொல். ‘வந்து கொண்டிருந்தான்’ இரண்டு. ‘வந்து கொண்டு இருந்தான்’ மூன்று. ஒரே கதையை ஒருவர் 480 சொல்லிலும் இன்னொருவர் 530 சொல்லிலும் எழுதிவிட முடியும். ‘500 சொல், கூகல் டாக்ஸ் காட்டும் எண்ணிக்கைப்படி, 550 வரை ஏற்போம்’ என்று எழுதினால் வாதம் வராது. கவிதைக்கு வரி எண்ணிக்கை வையுங்கள். கூகல் படிவத்தில் எழுத்து வரம்பு வைக்க நினைத்தால் கவனம்: ‘சிங்கப்பூர்’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பதினொன்று. புள்ளியையும் கொக்கியையும் அது தனித்தனியாக எண்ணும். 300 எழுத்து என்று நினைத்து வைத்த வரம்பு பாதி வழியிலேயே மறித்துவிடும்.

எழுத்துரு இன்னொன்று. 1995இல் எழுத்தாளரும் கணினித் தமிழ் முன்னோடியுமான நா. கோவிந்தசாமி சிங்கப்பூரிலிருந்து தமிழை இணையத்தில் ஏற்றிய காலத்திலும், 1997இல் இங்கே தமிழ்நெட் என்ற கணினித் தமிழ் மாநாடு கூடியபோதும் பேச்சு முழுக்க விசைப்பலகை, குறியாக்க ஒழுங்கு பற்றியதுதான். ஒருங்குறி (யூனிகோட்) வந்து அது தீர்ந்துவிட்டாலும், பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் கோப்பு நம் கைப்பேசியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ‘ஒருங்குறியில் மட்டும்’ என்று எழுதிவிட்டு ஒதுங்காதீர்கள். மாற்றிக்கொடுக்க ஒருவரின் பெயரையும் போடுங்கள். அந்தப் பெரியவர் நாற்பது ஆண்டாக எழுதிக்கொண்டிருப்பவராக இருக்கலாம், இணையக் குழுவில் மட்டும் புதியவர்.

கெடு நேரத்தில் ‘நள்ளிரவு 12’ என்று எழுதக் கூடாது. எந்த நாளின் நள்ளிரவு என்று பாதிப் பேருக்குப் புரியாது. ‘ஞாயிறு இரவு 11.59, சிங்கப்பூர் நேரம்’ என்று எழுதுங்கள். தமிழ்நாட்டிலிருந்து அனுப்புபவருக்கு அது இரவு 9.29 என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ஞாயிறு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டு ஊழியர் பலருக்கும் எழுதக் கிடைக்கும் ஒரே நாள் அதுதான். வெள்ளிக்கிழமை கெடு வைத்தால் அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறோம். ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகள் வார இறுதிகளை நிரப்பிவிடும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் தேர்வுக் காலம். மாணவர் எழுத வேண்டுமென்றால் ஜூன் விடுமுறை நல்லது.

பெயர் மறைத்து நடுவரிடம் கொடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு, கோப்பின் பெயரிலேயே ஆளின் பெயர் இருக்கும். வேர்டு கோப்பின் உள்விவரத்தில் எழுதியவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். கூகல் டாக்ஸ் இணைப்பைத் திறந்தால் உரிமையாளர் யார் என்று தெரிந்துவிடக்கூடும். படிவத்துக்குள் ஒட்டச் சொல்லி, நடுவரல்லாத ஒருவர் 01, 02 என்று எண்ணிட்டு ஒரே கோப்பாக நடுவர்களுக்குக் கொடுப்பதுதான் எளிய வழி. படிவத்தில் அடையாள அட்டை எண் கேட்கவே வேண்டாம். சட்டப்படி அவசியமில்லாத இடத்தில் அமைப்புகள் அதைச் சேகரிக்கக் கூடாது என்பது 2019 செப்டம்பரிலிருந்து இங்குள்ள நடைமுறை.

வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பதும் வேண்டாம். யார் யாருக்கு வாக்களித்தார் என்பது அதில் எல்லாருக்கும் தெரியும். மூத்தவரின் கதை இருக்க, புதியவரின் கதைக்கு வெளிப்படையாக வாக்களிக்கப் பலர் கூசுவார்கள்.

நடுவர் மதிப்பெண்களை அப்படியே கூட்டுவதிலும் பிழை நேரும். முதல் நடுவர் தாராளமாக ஏற்றி இறக்குபவர்: கதை ஒன்றுக்கு 90, கதை இரண்டுக்கு 60. மற்ற இருவர் அடக்கமானவர்கள்: ஒருவர் 70, 75, மற்றவர் 71, 76. மூவரில் இருவருக்கு இரண்டாவது கதைதான் பிடித்திருக்கிறது. கூட்டினால் 231க்கு 211 என்று முதல் கதை வெல்லும். மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஒவ்வொரு நடுவரும் முதல் ஐந்து கதைகளை வரிசைப்படுத்தட்டும். பிறகு அரை மணி நேரம் ஒன்றாகப் பேசி முடிவெடுக்கட்டும்.

நான்கே படைப்புகள் வந்தால்? கெடுவைத் திரும்பத் திரும்ப நீட்டிக்கும் பழக்கம் நேரத்துக்கு அனுப்பியவர்களைத் தண்டிக்கிறது. ஒரே ஒருமுறை, ஏழு நாள், முன்பே அனுப்பியவரும் திருத்தி அனுப்பலாம் என்ற உரிமையோடு நீட்டிக்கலாம். அப்போதும் நான்குதான் என்றால் நான்கோடு நடத்துங்கள், நான்கு பேருக்கும் விரிவான குறிப்பு எழுதுங்கள். குழுவின் மூத்தவர்கள் இந்த நேரத்தில் செய்ய வேண்டியது அறிவுரை சொல்வதல்ல, படைப்பு அனுப்புவது. அறிவிப்பு வெளியாகும் முன் விதிகளைப் படித்துப் பார்த்து, புரியாததை நடத்துபவரிடம் தனியாகச் சொல்வதும் அவர்கள் கடமை.

பரிசு பெரியதாக இருக்க வேண்டியதில்லை. 20 வெள்ளிப் புத்தகப் பற்றுச்சீட்டு போதும், ஆனால் அதை நடத்துபவர் கைக்காசில் வாங்கக் கூடாது. வெல்லாதவருக்கு இரண்டு வரிக் குறிப்பு பரிசைவிடப் பெரியது.

கதைகளை முழுவதுமாகப் பொதுவில் வெளியிடுமுன் எழுதியவரிடம் கேளுங்கள். தேசியக் கலைகள் மன்றம் 1993இலிருந்து நடத்தும் தங்கமுனை விருது போன்ற போட்டிகளுக்கு இதுவரை வெளிவராத படைப்புதான் வேண்டும். முகநூலில் நாம் ஆசையாகப் போட்ட கதையால் அவருடைய அடுத்த வாய்ப்பு போய்விடக்கூடும். எழுதியவரைத் திரைக்கு வெளியேயும் அழைத்துப் போங்கள். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் கதைக்களம் என்ற சிறுகதைக் கூட்டத்துக்கும், 1988இலிருந்து இயங்கும் வாசகர் வட்டத்துக்கும் தனியாகப் போகத் தயங்குபவர், ‘நானும் வர்றேன், எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் சந்திப்போம்’ என்று ஒருவர் சொன்னால் வந்துவிடுவார்.

போட்டி முடிந்ததும் நடத்தியவரிடமிருந்து ஒரு கோப்பு வாங்கி வையுங்கள்: அறிவிப்பின் வாசகம், படிவத்தின் நகல், பங்கேற்றவர்கள் கேட்ட கேள்விகள், ஆன நேரம், மாற்ற வேண்டும் என்று அவர் நினைப்பவை. நன்றி சொல்லும்போதும் ‘சிறப்பாக நடத்தினீர்கள்’ என்று நிறுத்தாமல், ‘28 பேருக்கும் குறிப்பு எழுதினீர்கள்’ என்று செய்ததைச் சொல்லுங்கள். நடத்தியதால் அவர் அந்த மாதம் எழுதவில்லை. அடுத்த போட்டியின் அறிவிப்பு வரும்போது அவரிடம்தான் முதலில் கதை கேட்க வேண்டும்.