ஜெர்மனிச் சுற்றுப்பயணம்: ராக் இசைக்குழுவினர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1960 ஆகஸ்டில் லிவர்பூலிலிருந்து வேனில் கிளம்பி ஹாம்பர்க் நகரின் சாங்க்ட் பவுலி பகுதியில் வந்து இறங்கிய பீட்டில்ஸ் குழுவில் ஜார்ஜ் ஹாரிசனுக்கு வயது 17. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் இரவு விடுதிகளில் பின்னிரவு வரை வேலை செய்யக் கூடாது என்பது அங்கிருந்த சட்டம். இரவுதோறும் மணிக்கணக்கில் வாசித்துக் கைதேர்ந்து வந்த நேரத்தில், நவம்பரில், அதிகாரிகள் அவருடைய வயதைக் கண்டறிந்து நாட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். குழுவின் வாசிப்பில் யாரும் குறை சொல்லவில்லை. அவர்கள் இடறியது காகிதத்தில்.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் ஜெர்மனியில் சுற்றும் வெளிநாட்டுக் குழுக்கள் இடறுவது ஏறத்தாழ அதே இடத்தில்தான். மேடையில் நிற்பது நாளுக்கு ஒரு மணி நேரம் அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதல். மீதி நேரம் முழுவதும் சாலை, சுங்கம், வரி, சாப்பாடு, உறக்கம், பளு தூக்குதல் என்று கழிகிறது. பல மாதம் ஒத்திகை பார்க்கும் குழுக்கள்கூட இந்த மீதி நேரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து திட்டமிடுவதில்லை. டெல்லியின் ப்ளட்டிவுட் குழு 2019இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் இசை விழா மேடை ஏறிய பிறகு, இந்தியாவிலிருந்தும் அந்த நாட்டுக்குப் போக வேண்டும் என்ற ஆசை கூடியிருக்கும் காலம் இது என்பதால், இவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் தவறு வரைபடத்தைப் பார்க்கும் விதத்தில் தொடங்குகிறது. ஹாம்பர்கிலிருந்து மியூனிக் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். ஆட்டோபான் எனப்படும் அந்நாட்டு விரைவு நெடுஞ்சாலையில் வேகக் கட்டுப்பாடு இல்லை என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்பதால் ஏழு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டு, அடுத்தடுத்த இரவுகளில் அந்த இரு நகரங்களிலும் நிகழ்ச்சியை ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். கட்டுப்பாடில்லாத பகுதிகளில்கூடப் பரிந்துரைக்கப்படும் வேகம் 130 கிலோமீட்டர்தான். ஐந்து பேரும் ஆம்ப்ளிஃபயர்களும் டிரம்ஸும் ஏற்றிய வேன் அந்த வேகத்திலேயே மூச்சு வாங்கும். மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டும் சரக்கு வண்டி என்றால் 80 கிலோமீட்டருக்கு மேல் போக அனுமதியே இல்லை. பாலப் பணிகளும் வெள்ளிக்கிழமை மாலை நெரிசலும் சேர்ந்தால் பயணம் பத்து மணி நேரமாகிவிடும். மாலை நான்கு மணிக்குச் சாமான் இறக்க வேண்டிய குழு ஏழரை மணிக்கு வந்து சேர்ந்தால், வாசலில் ரசிகர்கள் நிற்கும்போது சவுண்ட் செக் எனும் ஒலிச் சோதனை இல்லாமலே மேடை ஏற வேண்டும். ஹாம்பர்க், பிரேமன், கொலோன், பிராங்பர்ட், ஸ்டுட்கார்ட், மியூனிக், நியூரம்பெர்க், லைப்சிக், பெர்லின் என்று வட்டமாகச் சுற்றி வந்தால் ஒரு நாள் ஓட்டம் பெரும்பாலும் 450 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நிகழ்ச்சித் தேதிகள் அந்த வரிசையில் கிடைக்கவில்லை என்றால், ஒரு தேதியை விட்டுக்கொடுப்பது நஷ்டமாகாது என்பது என் உறுதியான கருத்து.

ஓய்வு நாள் வைக்காமல் பதினான்கு இரவுகளைத் தொடர்ச்சியாக நிரப்புவதும் இதே கணக்குப் பிழையின் தொடர்ச்சி. கிதாரின் கம்பி அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம், பாடகரின் தொண்டைக்கு மாற்று இல்லை. வாடகைப் பேருந்தில் ஓட்டுநரோடு செல்லும் குழுக்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பியச் சட்டப்படி ஓட்டுநர் நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். ஒரு நாளில் ஓட்டக்கூடியது 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம். வண்டியிலுள்ள பதிவுக் கருவி எல்லாவற்றையும் குறித்துக்கொள்வதால், இன்னும் ஒரு மணி நேரம்தானே என்று ஓட்டுநரைக் கெஞ்சுவது அவருடைய பிழைப்பில் கை வைப்பதாகும். சொந்தமாக ஓட்டும் சிறு குழுக்களில், நிகழ்ச்சி முடிந்து பீர் குடித்தவர்களில் யார் ஓட்டுவது என்று இரவு ஒரு மணிக்குப் பேசத் தொடங்கக் கூடாது. அன்றைய ஓட்டுநர் யார் என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

சாலையைப் பற்றி மேலும் சில. பெர்லின், கொலோன், லைப்சிக் போன்ற நகரங்களின் உட்பகுதிக்குள் நுழையும் வண்டியின் முன்கண்ணாடியில் குறைந்த புகை கக்கும் வண்டி என்று காட்டும் பச்சை நிறச் சுற்றுச்சூழல் வில்லை ஒட்டியிருக்க வேண்டும். வெளிநாட்டு வண்டிக்கும் இது பொருந்தும், இல்லாவிட்டால் அபராதம் 100 யூரோ. ஆட்டோபானில் காரணமின்றி வண்டியை நிறுத்துவது குற்றம், எரிபொருள் தீர்ந்து நிற்பதும் அதில் அடங்கும். ஓட்டுநரின் கவனக்குறைவாகவே அதைக் கருதுவார்கள். ரயிலில் போய்விடலாம் என்று நினைப்பவர்கள், ஜெர்மானிய ரயில்கள் நொடி பிசகாதவை என்ற பழைய நம்பிக்கையை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். 2024இல் தொலைதூர ரயில்களில் 62.5 விழுக்காடுதான் நேரத்துக்கு வந்தன, அதுவும் ஆறு நிமிடத்துக்குக் குறைவான தாமதத்தைத் தாமதமாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளாமல்.

அடுத்தது பணம். வெளிநாட்டில் வசிக்கும் கலைஞருக்கு ஜெர்மனியில் தரப்படும் சம்பளத்தில் 15 விழுக்காட்டை வருமான வரியாகவும், அந்த வரியின்மீது 5.5 விழுக்காட்டை ஒருமைப்பாட்டுக் கூடுதல் வரியாகவும், ஆக மொத்தம் 15.825 விழுக்காட்டை, நிகழ்ச்சி அமைப்பாளர் பிடித்துக்கொண்டு அரசுக்குக் கட்ட வேண்டும். ஒரு நிகழ்ச்சிக்கு ஒருவருக்கான தொகை 250 யூரோவைத் தாண்டாவிட்டால் இந்தப் பிடித்தம் இல்லை. ஐந்து பேர் கொண்ட குழு 1,250 யூரோ வாங்கினால் முழுத் தொகையும் கைக்கு வரும். 1,500 வாங்கினால் ஏறத்தாழ 237 யூரோ வரியாகப் போய்விடும். ஒப்பந்தத்தில் எழுதியுள்ள தொகை வரிக்கு முந்தியதா, வரி போகக் கையில் கிடைப்பதா என்று கேட்காமல் கையெழுத்திட்டுவிட்டு, கடைசி இரவில் உறையைத் திறந்து பார்த்து வாடும் குழுக்கள் ஏராளம். பிடித்த வரிக்கு அமைப்பாளரிடம் சான்றிதழ் கேட்டு வாங்காமல் ஊர் திரும்புவது அதைவிடப் பெரிய பிழை. அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் சொந்த நாட்டில் வரிக் கணக்கு காட்டும்போது, அங்கே ஏற்கெனவே கட்டிவிட்டேன் என்று சொல்ல முடியும்.

இன்னொரு வருமானம் காலடியிலேயே கிடந்து வீணாகிறது. மேடையில் மானிட்டர் ஒலிபெருக்கியின் பக்கத்தில் ஒட்டு நாடாவால் ஒட்டிய பாடல் வரிசைத் தாளை நிகழ்ச்சி முடிந்ததும் முன்வரிசை ரசிகர் ஒருவர் கேட்பார். வியர்வையும் செருப்புத் தடமும் படிந்த அந்தத் தாளை மகிழ்ச்சியோடு கிழித்துக் கொடுத்துவிடுவோம். கொடுக்கட்டும், ஆனால் அதற்கு முன் அன்று வாசித்த பாடல்களையும் அவற்றை இயற்றியவர்களின் பெயர்களையும் எழுதி அமைப்பாளரிடம் தந்திருக்க வேண்டும். ஜெர்மனியில் இசை உரிமைக் கட்டணத்தை வசூலிக்கும் கெமா அமைப்புக்கு அமைப்பாளர் பணம் கட்டுகிறார். எந்தப் பாடல் வாசிக்கப்பட்டது என்ற விவரம் போய்ச் சேர்ந்தால்தான், பாடலை இயற்றியவருக்கு அவருடைய நாட்டு உரிமைச் சங்கம் வழியாக ஒரு பங்கு வந்து சேரும். சொந்தப் பாடல்களையே வாசிக்கும் குழு இதை விட்டுவிடுவது தன் உழைப்பைத் தானே இலவசமாக்குவதாகும்.

காகிதங்களில் விசாவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்றாலும், சுற்றுலா என்று எழுதிவிட்டுக் கிதாரோடு போய் இறங்கும் துணிச்சல் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். இசைக்கருவிகளுக்கு ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணத்தை எடுப்பவர்கள், விற்பதற்காகக் கொண்டுபோகும் டி-ஷர்ட்டுகளையும் இசைத்தட்டுகளையும் அதே பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவருவேன் என்ற உறுதியின் பேரில் தரப்படும் ஆவணம் அது. விற்பனைப் பொருள் அதில் இடம்பெறக் கூடாது. டி-ஷர்ட்டுகளை ஐரோப்பாவிலேயே அச்சிடச் சொல்லி முதல் நிகழ்ச்சி நடக்கும் அரங்கத்துக்கு அனுப்பச் செய்வது பல குழுக்கள் கண்டுகொண்ட எளிய வழி.

அந்த டி-ஷர்ட்டில் என்ன அச்சிடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். நாஜிக்களின் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவின்படி தண்டனைக்குரியது. அமெரிக்காவின் கிஸ் குழுவின் பெயரிலுள்ள கடைசி இரண்டு எழுத்துகள் நாஜிக்களின் எஸ்எஸ் படையின் மின்னல் சின்னத்தை ஒத்திருந்ததால், ஜெர்மனியில் மட்டும் அந்தக் குழு தன் எழுத்துருவையே மாற்றிக்கொண்டது. நம் வீடுகளில் சுவஸ்திகா மங்கலச் சின்னம். கழுத்துப் பதக்கத்திலோ கிதார் பெட்டியின்மீது ஒட்டிய படத்திலோ அது இருக்கக்கூடும். அதன் பொருள் வேறு என்று விளக்க இடமுண்டு, ஆனால் இரவில் சாலையோரம் காவலரிடம் அந்த விளக்கத்தைச் சொல்லும் நிலைக்கு ஏன் ஆளாக வேண்டும்? அந்தச் சின்னத்தின் பெயரால் குடும்பங்களை இழந்தவர்களின் நாட்டில் அதைக் காட்டாமல் இருப்பது ஒரு மரியாதையும்கூட.

ஜெர்மனிக்குப் போய்விட்டுப் பெர்லினில் வாசிக்காமல் வருவதா என்ற ஆசை இயல்பானது. ஆனால் அந்நகரில் ஒவ்வோர் இரவும் எத்தனையோ அரங்கங்களில் நிகழ்ச்சி நடப்பதால், பெயர் தெரியாத குழுவின் முன் இருபது பேர் நிற்பதே அதிகம். மாணவர்கள் நிறைந்த மார்பர்க், கோட்டிங்கன், ஃப்ரைபர்க் போன்ற ஊர்களிலும், தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் இளைஞர் மையங்களிலும் செவ்வாய்க்கிழமைகூட ஆள் வருவார்கள். அங்கே இரவு சூடான காய்கறிக் குழம்பு சமைத்துப் போடுவார்கள், பல இடங்களில் படுக்க அறையும் உண்டு. சிற்றூர் நிகழ்ச்சியைத் தகுதிக் குறைவாக எண்ணுவது, என் கணிப்பில், புதிய குழு ஒன்று செய்யக்கூடிய மிகப் பெரிய தவறு.

தேதிகளைக் குறிக்கும்போது ஜெர்மானிய நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரிய வெள்ளியன்று பெரும்பாலான மாநிலங்களில் பொது நடன நிகழ்ச்சிகளுக்குத் தடை உண்டு, சில இடங்களில் இசை நிகழ்ச்சிக்கும் அது நீள்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் பொதுவாகத் திறப்பதில்லை. சனிக்கிழமை இரவு கடைசிக் கிதார் கம்பியும் அறுந்து, ஞாயிறு மாலை நிகழ்ச்சி என்றால், உடன் வாசிக்கும் குழுவிடம் கையேந்துவதைத் தவிர வழியில்லை. கம்பி, மின்கலம், டிரம் குச்சி ஆகியவற்றை வெள்ளிக்கிழமையே எண்ணிப் பார்த்துவிட வேண்டும். மருந்தும் அப்படித்தான். சாதாரணத் தலைவலி மாத்திரையைக்கூட அங்கே சூப்பர் மார்க்கெட்டில் வாங்க முடியாது, மருந்தகத்துக்குத்தான் போக வேண்டும். ஞாயிறன்று முறை வைத்துத் திறக்கும் மருந்தகத்தைத் தேடிப் போக வேண்டும். உயிராபத்து இல்லாத உடல்நலக் குறைவுக்கு 116117, ஆபத்துக்கு 112 என்ற எண்களை எல்லோருடைய தொலைபேசியிலும் பதிந்து வைப்பது நல்லது.

குடிநீரில்கூட ஒரு பாடம் இருக்கிறது. வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் அங்கே பெரும்பாலும் வாயு கலந்த தண்ணீரையே வைப்பார்கள். இரண்டாவது பாடலுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் பாடகர் அதை மடமடவென்று குடித்துவிட்டு உச்ச ஸ்தாயியைப் பிடிக்கப் போகும்போது ஏப்பம் முந்திக்கொள்ளும். வாயு இல்லாத தண்ணீர் என்று முன்கூட்டி அனுப்பும் தேவைப் பட்டியலில் எழுதிவிட வேண்டும். எத்தனை பேர் சைவம், டிரம்ஸ் எந்தப் பக்கம், எத்தனை மைக் என்பவையும் அதில் இருக்க வேண்டும், மூன்றாண்டுகளுக்கு முன் வேறு ஆட்களோடு எழுதிய பட்டியலையே அனுப்பக் கூடாது.

ஒலியின் அளவு பலருக்கும் மனத்தாங்கலைத் தருகிறது. பார்வையாளர் நிற்கும் இடத்தில் அரை மணி நேரச் சராசரி 99 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது ஜெர்மானியத் தர விதி. ஒலிப் பொறியாளரின் மேசையில் அதற்கான அளவி இருக்கும். அவர் கிதார் ஆம்பைக் குறைக்கச் சொன்னால், தன் கலையில் தலையிடுவதாக எண்ணிச் சண்டை போடுவதை விட்டு, ஆம்பின் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு வாசித்துப் பார்க்கலாம். சிறிய அறைகளில் பாடல் வரிகள் அப்போதுதான் கேட்கும். இரவு பத்து மணிக்குப் பின் வெளியே அமைதி காக்க வேண்டும் என்பதும் சட்டம். பெர்லினின் ப்ரென்ஸ்லாவர் பெர்க் பகுதியில் பல்லாண்டு நடந்த க்னாக் க்ளப், பக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர்களின் ஒலிப் புகாரால் 2010 இறுதியில் மூடப்பட்டது. நள்ளிரவில் கற்கள் பாவிய தெருவில் சக்கரம் வைத்த பெட்டிகளைக் கடகடவென்று உருட்டும் குழு, தனக்கு மேடை தந்த இடத்துக்கு ஆபத்தைத் தேடித் தருகிறது. நாலு பேர் சேர்ந்து தூக்கினால் சத்தமே இருக்காது.

சாமான்களை வேனில் ஏற்றிய பிறகு, தங்கும் இடத்தில் வண்டியின் பின்கதவு சுவரை ஒட்டி நிற்கும்படி, ஒரு கைகூட நுழைய முடியாத இடைவெளியில் பின்னோக்கி நிறுத்த வேண்டும். பெரு நகரங்களில் குழுக்களின் வேன்கள் உடைக்கப்பட்ட சம்பவங்கள் அடிக்கடி நடந்திருக்கின்றன. கிதார்கள் அறைக்குள் வந்துவிட வேண்டும். எல்லாம் ஏற்றியாயிற்று என்று எல்லோரும் வண்டியில் உட்கார்ந்த பின், ஒருவர் மட்டும் கைவிளக்கோடு அரங்கத்துக்குள் திரும்பிப் போய்ச் சோபாவுக்குப் பின்னாலுள்ள மின்செருகி, மேடையின் இருண்ட ஓரம், கழிப்பறைக் கொக்கி, குளிர்பெட்டியின் மேல்பகுதி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வர வேண்டும். மின்னூட்டியோ, டிரம் கலைஞரின் சாவியோ, கடவுச்சீட்டு வைத்த பையோ அங்கேதான் கிடக்கும்.