படிக்கிறாளா, பிடித்திருக்கிறாளா?

ஊரிலிருந்து யார் வந்தாலும் டெல்லி ஜன்பத்தில் உள்ள நேஷனல் மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது எங்கள் வீட்டில் என் தலையில்தான் விழும். போன முறை வந்த சித்தி, பல்லு சரஸ்வதி முன்னால் நின்றுவிட்டார். பிகானேர் பக்கம் பல்லு என்ற ஊரில் கிடைத்த 12-ஆம் நூற்றாண்டுப் பளிங்குச் சிலை அது.

"ஏண்டி, கையில வீணையைக் காணோமே?"

"மேல் கையைப் பாருங்க சித்தி, ஏட்டுச்சுவடி இருக்கு."

"ஓ, படிச்சிண்டிருக்காளா!"

கையில் ஏடோ கடிதமோ வைத்திருக்கும் பெண்களின் சிலைகளையும் ஓவியங்களையும் பார்க்கும்போது நாம் செய்கிற முதல் தவறு இதுதான். அந்தச் சுவடி கயிற்றால் கட்டப்பட்டிருக்கிறது. கட்டு அவிழாத ஏட்டை யாரும் படிக்க முடியாது. அது கல்விக்கான அடையாளம், அவ்வளவுதான். படிப்பதைக் காட்ட நினைத்த ஓவியர் விரலில் காட்டிவிடுவார். இத்தாலியர் சிமோனே மார்த்தினி 1333-ல் வரைந்த, இயேசுவின் தாய் மரியாளைப் பாருங்கள். தேவதூதர் வந்ததும் கூசி ஒதுங்குகிறாள், ஆனால் பெருவிரல் மட்டும் புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது. விட்ட இடம் தொலைந்துவிடக் கூடாதே! சமையலறையில் குக்கர் விசில் வந்ததும் வார இதழுக்குள் விரலை வைத்தபடி எழுந்து போகிறவர்களுக்கு இந்தப் படத்தை விளக்கவே வேண்டாம்.

அடுத்தது, ஒரு பெண் கையில் கடிதம் என்றாலே காதல் கடிதம் என்று முடிவு கட்டிவிடுவது. டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1654-ல் வரைந்த, பைபிளில் வரும் பத்சேபாள் குளித்து முடித்து உட்கார்ந்திருக்கிறாள், கையில் கடிதம். முகத்தில் சந்தோஷத்தின் சாயல்கூட இல்லை. தாவீது ராஜாவிடமிருந்து வந்த அழைப்பு அது. அவளோ இன்னொருவனின் மனைவி. பைபிளில் அவளுக்குக் கடிதம் வந்ததாகவே இல்லை, ராஜா ஆள் அனுப்பினான் என்றுதான் இருக்கிறது. அவள் தனியாக யோசிக்கட்டும் என்றுதான் ரெம்பிராண்ட் அந்தக் காகிதத்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஆனால் காதல் கடிதமே இல்லை என்றும் அடித்துச் சொல்லிவிட முடியாது. இன்னொரு டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த, ஜன்னலோரம் கடிதம் படிக்கும் பெண் ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் வெகுகாலம் வெறும் சுவர்தான் தெரிந்தது. அதை வைத்து அவளுடைய தனிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். 1979-ல் எக்ஸ்ரேயில் பார்த்தபோது சுவருக்குள் ஒரு மன்மதன் தெரிந்தான். சரி, வெர்மீரே மனம் மாறி அழித்திருப்பார் என்று விட்டுவிட்டார்கள். அது வேறு யாரோ, அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துப் பூசிய பெயின்ட் என்பது 2017-க்குப் பிறகுதான் உறுதியானது. கத்தியால் சுரண்டிச் சுரண்டி எடுத்து, 2021-ல் மன்மதனை முழுசாக வெளியே கொண்டுவந்தார்கள். முகமூடிகளைக் காலால் மிதித்தபடி நிற்கிறான். பழைய அச்சுப் படத்தை வைத்துக்கொண்டு பேசினால் இப்படி வேறொருவர் பூசிய சுவருக்குத்தான் அர்த்தம் சொல்லிக்கொண்டிருப்போம். வாட்ஸ்அப்பில் இன்னும் அந்த மொட்டைச் சுவர்தான் சுற்றுகிறது.

அப்புறம், படிக்கிறவள் தனியாகத்தான் இருக்கிறாள் என்று நினைப்பது. லண்டன் நேஷனல் கேலரியில், ரோகியர் வான் டெர் வெய்டன் வரைந்த, புத்தகம் படிக்கும் மக்தலேனாள் (இயேசுவின் சீடர்களில் ஒருத்தி) வெகுகாலம் அப்படித்தான் இருந்தாள். அவளைச் சுற்றிலும் பழுப்பு நிறம். 1950-களில் அதைச் சுத்தம் செய்தபோது பக்கத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள்! பெரிய பலிபீட ஓவியம் ஒன்றிலிருந்து அறுத்தெடுத்த துண்டு அது. அவளுக்குப் பின்னால் நிற்கும், மரியாளின் கணவர் சூசையப்பருக்கு உடம்பு மட்டும்தான் அங்கே. தலை லிஸ்பனில், இன்னொரு மியூசியத்தில்.