உப்பைக் கழுவாமல் ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள்

வடசென்னையில் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கமெல்லாம் பொங்கலுக்கு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தால், அடுத்த ஆடிக்குள் அங்கங்கே கொப்புளம் கிளம்பிவிடுவதைப் பார்க்கலாம். பழி பெயிண்ட் மேல் விழும், இல்லையென்றால் பெயிண்டர் மேல். பெரும்பாலும் காரணம் அடியில் இருக்கும் உப்பு. கடல்காற்றில் வருவது வீட்டுக்குள்ளே இருக்கும் சட்டத்திலும் கம்பியிலும்கூடப் படியும். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே துரு வேலையைத் தொடங்கியிருக்கும்.

இதற்கு உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. தேய்த்தால் தூசி போகும், துருக்குழிக்குள் இருக்கும் உப்பு போகாது. முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துணி மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். நல்ல தண்ணீர் என்றால் மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியம் தரும் தண்ணீர். கடலோரத் தெருக்களில் பல வீட்டு போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவுவதற்குக் கழுவாமலே விடலாம்.

கம்பி, கீழ்ச் சட்டத்துக்குள் இறங்கும் துளையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். கம்பியைச் சுற்றிப் பழுப்பு வளையமும், பக்கத்தில் மரத்தில் மெல்லிய வெடிப்பும் தெரியும். சாரலும் துடைத்த தண்ணீரும் அங்கேதான் தேங்கும். துரு பருத்து மரத்தையே பிளக்கும். இரண்டு இன்ச் பிரஷ் அதற்குள் போகாது. பழைய டூத் பிரஷால் சுரண்டி, காயவிட்டு, சின்ன பிரஷால் ரெட் ஆக்சைடு பிரைமரை உள்ளே தள்ளுங்கள். மரத்துக்கு வுட் பிரைமர் தனி. இரண்டுக்கும் ஒரே டப்பாவை ஓட்டக் கூடாது. தேய்த்துப் பளிச்சென்று ஆன இரும்பை ராத்திரி முழுக்க அப்படியே விட்டாலும் காலையில் மறுபடி செம்மை பூத்திருக்கும். அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுவது நல்லது.

சுவருக்கு வாங்கிய பட்டி மிச்சமிருக்கிறதே என்று மர வெடிப்பில் அப்பாதீர்கள். மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும்; வெள்ளை சிமெண்ட் பட்டி உதிர்ந்துவிடும். மரத்துக்கென்று விற்கும் பட்டி வேண்டும். ஐப்பசி மழையில் கதவு இறுகுகிறதே என்று இழைப்புளி போடுவதும் வீண் வேலை, சித்திரையில் அதே கதவு லொடலொடக்கும்.

பழைய வண்ணாரப்பேட்டை மாதிரி இடங்களில் பல வீட்டு ஜன்னல்களில் தாத்தா காலத்துப் பச்சை எனாமல் அடுக்கடுக்காக இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் ஈயம் இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்க்காமல் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேயுங்கள். குழந்தைகள் அந்த அறைக்கே வரவேண்டாம். உரிந்த சில்லுகளையும் பழைய சட்டத்தையும் போகித் தீயில் போடுவது உலர்வாகத் தேய்ப்பதைவிட மோசம், ஈயம் புகையாக எழும்பும்.

எனாமல் கெட்டியாக இருந்தால் டர்பன்டைன் கொஞ்சம். மண்ணெண்ணெய் கலந்தால் சீக்கிரம் காயாது, பளபளப்பும் மங்கும். கீல், கொண்டி மேல் பெயிண்ட் பூசாமல் கழற்றிவிடுங்கள், முடியாவிட்டால் டேப் ஒட்டுங்கள். கண்ணாடி ஓரத்து டேப்பை முழுக்கக் காயும்வரை விட்டுவைத்தால் உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். கதவு உட்காரும் பள்ளத்தில் மெல்லிய கோட்டாக இரண்டு போதும். தடியாக அடித்தால் ஜன்னல் மூடாது.

மார்கழியில் சாயங்காலம் அடித்துவிட்டு, பனி இறங்குமே என்று உடனே மூடினால் கதவும் சட்டமும் ஒட்டிக்கொள்ளும். காலையில் பனி காய்ந்த பிறகு தொடங்குங்கள். எண்ணூர் சாலை ஓரத்து வீடாக இருந்தால், லாரிப் புழுதி குறைந்த ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.