வெண்கட்டி வார்ப்பவர்களே, அடுப்பங்கரைப் பக்கம் போகாதீர்கள்

மலையகத்தில் வெண்கட்டித் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எங்கள் காலத்துக் கூத்தையே திரும்ப ஆடுகிறார்கள். அச்சுக்கு எண்ணெய் பூச மறப்பது, குமிழி விடுவதெல்லாம் இரண்டு தட்டு வீணானால் தானே புரிந்துவிடும். அவற்றை விடுவோம்.

அடுப்பில் காயவைப்பது

ஆடி மாதம் தலவாக்கலை, ஹட்டன் பக்கம் வெயிலைக் காண்பதே அபூர்வம். அப்போதுதான் லயத்து அடுப்புக்கு மேலே வெண்கட்டித் தட்டுகள் ஏறும். டிக்கோயாப் பக்கத்துத் தம்பி ஒருவன், பாடசாலை ஓடர் அவசரமென்று இரவு முழுக்க விறகெரித்தான். விடிய மேலே நன்றாகக் காய்ந்த மாதிரி இருக்க, பெட்டி கட்டிக் கொடுத்துவிட்டான். ஆசிரியர் கோடு இழுத்ததும் மேல்தோல் மாவாக உதிர்ந்தது. உள்ளே ஈரம், பலகையில் எழுத்தே விழவில்லை. அத்தனை பெட்டியும் திரும்பி வந்தன. "அண்ணே, பவுடர் சரியில்லை" என்றான். எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இந்தப் பதிலில்தான். பவுடரில் ஒரு குறையும் இல்லை.

நாம் வார்ப்பது சுண்ணாம்புக்கல் இல்லை. அது கல்சியம் காபனேற்று, வினாகிரி விட்டால் நுரைக்கும். நம்முடையது கல்சியம் சல்பேற்று. அதுவே நீரோடு சேர்ந்த கனிமமாக இருந்தால் ஜிப்சம். ஜிப்சத்தைச் சுமார் 150 பாகை செல்சியஸில் சுட்டு, அதிலுள்ள நீரில் முக்கால் பங்கை விரட்டினால் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸ், அதுதான் நம் பவுடர். தண்ணீர் விட்டுக் கலக்கினால் இழந்ததைத் திரும்பப் பிடித்துக்கொண்டு ஜிப்சமாகவே இறுகும். அச்சைத் தொட்டால் சூடு தெரியும். ஆக, காய்ந்த கட்டியின் எடையிலும் ஏறத்தாழ 21 சதவீதம் தண்ணீர்தான். அது பளிங்கோடு கட்டுண்ட நீர், போகக்கூடாது. துளைகளில் தேங்கிய மிச்சம்தான் போகவேண்டும். அடுப்புச் சூட்டுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது, சுட்ட பவுடராகவே திருப்பிவிடும். 45 பாகையைத் தாண்டவிடாதீர்கள்.

கம்பி வலையில் இடைவெளி விட்டு அடுக்கி, ஃபேன் போடுங்கள். பனி இறங்கும் நேரம் ஜன்னலைச் சாத்துங்கள். ஒரே கட்டியைத் தினமும் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்தாயிற்று. தராசு இல்லையா, கன்னத்தில் வையுங்கள். ஈரமென்றால் சில்லிடும்.

வாய் திறந்த மூட்டை

பனி குடித்த பவுடர் ஒழுங்காக இறுகாது. மூடி இறுக்கமான வாளியில் கொட்டி வையுங்கள். பழைய சரக்கென்றால் ஒரு கோப்பை கலக்கிப் பாருங்கள். அரை மணியில் சூடே வராவிட்டால் வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும்.

கழுவாத வாளி

ஒட்டியிருக்கும் பழைய துணுக்கு, அச்சில் ஊற்றுமுன்பே புதுக் கலவையை இறுக்கிவிடும்.

மிச்சத்தைக் கானில் ஊற்றுவது

வேண்டாம். தண்ணீருக்கடியிலும் இறுகும்.