சப்பிரைம் கார்டை வைத்து கிரெடிட் ஸ்கோரை மீட்பது எப்படி: அமெரிக்காவில் வாழ்வோருக்கு ஒரு கையேடு

கிரெடிட் ஸ்கோர் குறைந்தவர்களுக்கு அதிகக் கட்டணத்திலும் வட்டியிலும் தரப்படும் சப்பிரைம் கார்டை எடுக்க ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். மாதம் தவறாமல், "நேரத்துக்குக் கட்டினார்" என்ற பதிவு எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று கிரெடிட் பீரோக்களிலும் (கடன் வரலாற்றைப் பதிவுசெய்யும் நிறுவனங்கள்) உங்கள் பெயரில் ஏற வேண்டும். அந்தப் பதிவில் கார்டின் வட்டி விகிதமோ வருடக் கட்டணமோ இருக்காது. 300 டாலர் லிமிட் உள்ள மட்டமான கார்டில் நேரத்துக்குக் கட்டினாலும், பளபளப்பான கார்டில் கட்டினாலும் கடன் தருபவர்கள் பார்க்கும் ஃபிகோ ஸ்கோருக்கு அது ஒரே மாதிரியான நல்ல பதிவுதான். ஆகவே மிகக் குறைந்த செலவில் அந்தப் பதிவை வாங்குவதும், வேலை முடிந்ததும் கார்டை விட்டு வெளியேறுவதும்தான் வழி. அவசரச் செலவுக்கோ கைமாற்றுக்கோ இதைத் தொடவே கூடாது.

ஃபிகோ ஸ்கோர் 300 முதல் 850 வரை. நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பான சிஎஃப்பிபி தன் கணக்குகளில் 580 முதல் 619 வரை உள்ளவர்களை சப்பிரைம் என்றும், 580க்குக் கீழே உள்ளவர்களை டீப் சப்பிரைம் என்றும் வகைப்படுத்துகிறது. ஸ்கோரில் 35 சதவீதம் கட்டிய வரலாறு. 30 சதவீதம் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்பது. கணக்குகளின் வயதுக்கு 15, புதிய கடன்களுக்கு 10, கடன் வகைகளின் கலவைக்கு 10. ஒரே ஒரு சின்னக் கார்டால் முதல் இரண்டையும், அதாவது மொத்தத்தில் 65 சதவீதத்தைத் தொட முடியும்.

விண்ணப்பிக்கும் முன்

ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் மூன்று பீரோக்களின் அறிக்கைகளையும் வாரம் ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். இதே பெயர் போலத் தோன்றி காசு கேட்கும் தளங்களுக்குப் போக வேண்டாம். அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது, இப்போதும் கட்டாமல் நிலுவையில் நிற்கும் கணக்கு ஏதாவது உண்டா என்பதை. உண்டென்றால் புதுக் கார்டு காத்திருக்கட்டும். ஒரு பக்கம் மாதாமாதம் புதிய கறுப்புப் புள்ளி விழுந்துகொண்டிருக்க, மறுபக்கம் 300 டாலர் கார்டால் எதையும் ஈடுகட்ட முடியாது.

அடுத்தது தேதிகள். தாமதப் பதிவுகளும், வசூல் நிறுவனத்துக்குப் போன கடன்களான கலெக்‌ஷன் கணக்குகளும், முதன்முதலில் கட்டத் தவறிய நாளிலிருந்து ஏழு ஆண்டுகள் அறிக்கையில் இருக்கும். சொத்தை விற்றுக் கடன் தீர்க்கும் சாப்டர் 7 திவால் பத்து ஆண்டுகள். கடனை வேறொரு கலெக்‌ஷன் நிறுவனத்துக்கு விற்றாலும் இந்த ஏழு ஆண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கக் கூடாது. தேதியை மாற்றிக் காட்டியிருந்தால் பீரோவிடம் ஆட்சேபம் எழுப்புங்கள். பொதுவாக 30 நாட்களுக்குள் அவர்கள் விசாரித்து முடிக்க வேண்டும். இதற்கு வக்கீலும் வேண்டாம், "கிரெடிட் ரிப்பேர்" கம்பெனியும் வேண்டாம். வேலையை முடிக்கும் முன்பே பணம் கேட்பதைக் கூட்டாட்சிச் சட்டம் அந்தக் கம்பெனிகளுக்குத் தடை செய்திருக்கிறது. கேட்பவர்களிடமிருந்து விலகிவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பழைய கலெக்‌ஷன் கடனில் நல்லெண்ணத்துக்காக 20 டாலர் கட்டிவைக்கலாம் என்று தோன்றும். பல மாநிலங்களில் அப்படிச் சிறிது கட்டினாலே, அவர்கள் உங்கள்மீது வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். மாநிலச் சட்டத்தைப் பார்க்காமல் ஒரு டாலரும் அனுப்ப வேண்டாம்.

முதலில் டெபாசிட் கார்டுக்கு முயலுங்கள்

செக்யூர்டு கார்டில் பெரும்பாலும் நீங்கள் கட்டும் டெபாசிட்தான் லிமிட். 200 டாலர் கட்டினால் 200 டாலர் லிமிட். கணக்கை ஒழுங்காக மூடினாலோ, சாதாரணக் கார்டாக மாற்றினாலோ அந்தப் பணம் திரும்பி வரும். வருடக் கட்டணமே இல்லாத செக்யூர்டு கார்டுகளைப் பெரிய வங்கிகளே தருகின்றன. உறுப்பினர்களே நடத்தும் கூட்டுறவு வங்கிகளான கிரெடிட் யூனியன்களையும் விசாரியுங்கள்: கூட்டாட்சி உரிமம் பெற்ற யூனியன்கள் 18 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்க முடியாது.

டெபாசிட் இல்லாத சப்பிரைம் கார்டில் நீங்கள் கொடுப்பது எதுவும் திரும்பாது. அப்படியானால் அது யாருக்கு? 200 டாலரைப் பல மாதங்கள் முடக்கிவைக்க வழியே இல்லாதவர்களுக்கும், செக்யூர்டு கார்டுகூட மறுக்கப்பட்டவர்களுக்கும். திவால் வழக்கு இன்னும் முடியாமலிருப்பது, அதே வங்கியில் பழைய கடன் ஒன்று எழுதித் தள்ளப்பட்டிருப்பது போன்றவை மறுப்புக்கு வழக்கமான காரணங்கள். மறுப்புக் கடிதத்தில் காரணம் இருக்கும். அதைப் படிக்காமல் அடுத்தடுத்து விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு முழு விண்ணப்பமும் ஒரு ஹார்டு இன்கொயரி, அதாவது ஸ்கோரைக் கொஞ்சம் குறைக்கக்கூடிய விசாரணைப் பதிவு. அறிக்கையில் இரண்டு ஆண்டுகள் இருக்கும், ஃபிகோ அதை ஓராண்டு கணக்கில் எடுக்கும். கார்டு கிடைக்குமா என்று முன்கூட்டியே பார்க்கும் "ப்ரீகுவாலிஃபை" பக்கத்தில் சோதித்தால் ஸ்கோர் குறையாது.

டெபிட் கார்டும் ப்ரீபெய்டு கார்டும் பொதுவாக பீரோவுக்கு எதையும் தெரிவிப்பதில்லை. குறிப்பிட்ட ஒரு ஆன்லைன் கடையில் மட்டும் செல்லும் கேட்லாக் கார்டுகள் பெரிய லிமிட் காட்டி மயக்கும். அவற்றிலும் பல மூன்று பீரோக்களுக்கும் தெரிவிப்பதில்லை. தெரிவிக்காத கார்டு இலவசமானாலும் நம் வேலைக்கு உதவாது. பெயரிலும் கவனம் வேண்டும்: கேபிடல் ஒன் வேறு வங்கி, கிரெடிட் ஒன் வேறு வங்கி. சின்னங்களும் ஒன்றுபோல இருப்பதால் தபாலில் வரும் அழைப்பைப் பார்த்து மாறிப்போகிறவர்கள் உண்டு.

கட்டணக் கணக்கு

2009ஆம் ஆண்டின் கார்டு சட்டப்படி, கணக்குத் திறந்த முதல் ஆண்டில் வங்கி வசூலிக்கும் கட்டணங்கள் ஆரம்ப லிமிட்டில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. லிமிட் 300 என்றால் உச்சம் 75 டாலர். பல கார்டுகள் சரியாக அந்த 75ஐயே வருடக் கட்டணமாக வைத்திருப்பது தற்செயலல்ல. இந்த வரம்பில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

தாமதக் கட்டணம் இந்தக் கணக்கில் சேராது. கணக்குத் திறப்பதற்கு முன் வாங்கும் "பிராசஸிங்" கட்டணமும் சேராது. அதையும் சேர்க்கும் விதிக்கு 2011இல் தெற்கு டகோட்டா நீதிமன்றம் தடை விதிக்க, 2013இல் சிஎஃப்பிபி விதியையே தளர்த்திவிட்டது. மூன்றாவதுதான் பெரிய ஓட்டை: வரம்பு முதல் ஆண்டுக்கு மட்டும். முதல் ஆண்டில் "மாதக் கட்டணம் இல்லை" என்று போட்டிருந்தால், பதின்மூன்றாம் மாதத்திலிருந்து உண்டு என்றே பெரும்பாலும் பொருள். ஓர் உதாரணம்: இரண்டாம் ஆண்டில் வருடக் கட்டணம் 49, மாதக் கட்டணம் 10 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 169 டாலர். 300 டாலர் லிமிட்டைக் கையில் வைத்திருக்க அதில் பாதிக்கு மேல் வாடகை.

வட்டியைப் பார்த்து மிரளத் தேவையில்லை, ஆனால் ஏன் அவ்வளவு அதிகம் என்பதைத் தெரிந்துகொள்ளலாம். வங்கி தன் தலைமையகம் உள்ள மாநிலத்தின் வட்டி விதியையே நாடு முழுதும் பயன்படுத்தலாம் என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெற்கு டகோட்டா 1980இல் கார்டு வட்டிக்கான உச்சவரம்பை நீக்கியது. அங்கிருந்து இயங்கும் ஃபர்ஸ்ட் பிரிமியர் வங்கி, கார்டு சட்டத்துக்குப் பின் 79.9 சதவீத வட்டியில் ஒரு கார்டை விட்டுப் பார்த்ததும் நடந்திருக்கிறது. மாதாமாதம் முழுப் பாக்கியையும் கட்டினால் எந்த விகிதமும் உங்களைத் தொடாது. அதற்கு ஒரு நிபந்தனை: கார்டில் கிரேஸ் பீரியட், அதாவது வட்டியில்லாமல் கட்டுவதற்கான அவகாசம், இருக்க வேண்டும். வங்கிகள் அதைத் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. விண்ணப்பத்தோடு வரும் வட்டி, கட்டண அட்டவணையில் இந்த ஒன்றை மட்டுமாவது தேடிப் பாருங்கள்.

கார்டு கைக்கு வந்த பிறகு

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் முதல் மாதம். கார்டை ஒருமுறைகூடத் தேய்க்கவில்லை, அதனால் கட்ட எதுவுமில்லை என்று இருந்துவிடுவார்கள். வருடக் கட்டணமான 75 டாலர் முதல் ஸ்டேட்மென்ட்டிலேயே ஏறியிருக்கும். அதைக் கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம், 30 நாள் கடந்தால் பீரோவில் தாமதப் பதிவு. ஸ்கோரைச் சரிசெய்ய எடுத்த கார்டே அதைக் கெடுத்துவிடும். அந்த 75, லிமிட்டில் 25 சதவீதம் என்பதும் நினைவிருக்கட்டும். நீங்கள் எதுவும் வாங்காமலே கால்வாசி லிமிட் தீர்ந்ததாகப் பதிவாகும். ஆன்லைன் கணக்கைத் திறந்து, கட்டணம் ஏறியதும் முதல் ஸ்டேட்மென்ட்டுக்கு முன்பே கட்டி முடித்துவிடுங்கள்.

பிறகு மாதம் 10, 15 டாலர் வரும் ஒரே ஒரு சந்தாவை இந்தக் கார்டில் போடுங்கள். ஸ்டேட்மென்ட் தொகை முழுவதற்கும் ஆட்டோபே வையுங்கள். கார்டை அலமாரியில் வையுங்கள். மாத வேலை இவ்வளவுதான்.

தேதிகள் இரண்டு என்பதைப் பலர் குழப்பிக்கொள்வார்கள். ஸ்டேட்மென்ட் மூடும் நாளில் உள்ள பாக்கிதான் பெரும்பாலும் பீரோவுக்குப் போகும். கட்டவேண்டிய கடைசி நாள் அதற்குக் குறைந்தது 21 நாள் கழித்து வரும். ஸ்டேட்மென்ட் 5ஆம் தேதி மூடுகிறது, கடைசி நாள் 30 என்றால், 30ஆம் தேதிக்குள் கட்டினாலே நேரத்துக்குக் கட்டியதாகிவிடும்; பாக்கியும் குறைவாகத் தெரிய வேண்டுமானால் ஸ்டேட்மென்ட் மூடும் முன், 2, 3 தேதிக்குள் கட்ட வேண்டும். லிமிட்டில் 10 சதவீதத்துக்குள் பாக்கி தெரிவது நல்லது. இதைப் பிடித்துக்கொண்டு மாதாமாதம் பதற வேண்டியதில்லை: பரவலாகப் பயன்படும் ஃபிகோ 8 இன்றைய பாக்கியை மட்டுமே பார்க்கும், போன மாதத்தை நினைவில் வைக்காது. அடுத்த கடனுக்கு விண்ணப்பிக்கும் முந்தைய மாதத்தில் சரியாக இருந்தால் போதும். கட்டிய வரலாறு அப்படி மறக்காது.

ஒரு நாள் தாமதமானால் சுமார் 30 டாலர் போகும், பீரோவுக்குப் போகாது. 30 நாள் தாண்டினால்தான் பதிவு விழும். ஆகவே மறந்துபோனது மறுநாள் தெரிந்தால் அன்றே கட்டுங்கள். கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லியும் கேளுங்கள்.

வேறு சில தொல்லைகள் வரும். கட்டிய பணத்தை ஒரு வாரமோ அதற்கு மேலோ நிறுத்திவைத்து, பிறகே லிமிட்டைத் திறந்துவிடும் வங்கிகள் உண்டு. கட்டிய அன்றே மறுபடி தேய்த்தால் கார்டு மறுக்கப்படும். போனில் ஊழியர் வழியாக அவசரமாகக் கட்டினால் தனிக் கட்டணம் வாங்குவார்கள். "பேமெண்ட் ப்ரொடெக்‌ஷன்" என்று ஏதாவது விற்க முயன்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வேலை போனால் தவணையைப் பார்த்துக்கொள்ளும் என்று விற்கப்படும் அதற்கு, பாக்கியில் ஒரு பங்கு மாதாமாதம் போகும். லிமிட்டைத் தாண்டிச் செலவழிக்க அனுமதி கேட்டாலும் கொடுக்காதீர்கள். நீங்கள் ஒப்புதல் தராமல் ஓவர் லிமிட் கட்டணம் வாங்க அவர்களுக்கு உரிமையில்லை. லிமிட்டை உயர்த்தித் தருவதாகச் சொன்னால் அதற்குக் கட்டணம் உண்டா என்று முதலில் கேளுங்கள். ஏடிஎம்மில் பணம் எடுப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். எடுத்த நிமிடமே வட்டி ஓடத் தொடங்கும்.

வெளியேறும் நாள்

புதுக் கணக்கும் இன்கொயரியும் சேர்ந்து ஆரம்பத்தில் ஸ்கோர் சில புள்ளிகள் இறங்கலாம். அதைக் கண்டு இன்னொரு சப்பிரைம் கார்டு எடுக்காதீர்கள். ஆறு மாதம் சுத்தமாகக் கட்டிய பின், கட்டணமில்லாத கார்டுகளின் ப்ரீகுவாலிஃபை பக்கங்களில் சோதியுங்கள். கிடைக்கவில்லை என்றால் ஒன்பதாம் மாதம் மறுபடி. இதற்கிடையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தால் செக்யூர்டு கார்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கார்டு எடுத்த அன்றே காலண்டரில் பதினோராம் மாதத்தைக் குறித்துவையுங்கள். அந்த மாதம் வங்கியைக் கூப்பிட்டு, இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தை நீக்கவோ கட்டணமில்லாத கார்டாக மாற்றவோ முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால், வேறொரு கார்டு கையில் இருக்கும்பட்சத்தில் இதை மூடிவிடலாம். மூடினால் வரலாறு அழிந்துவிடும் என்ற பயம் வேண்டாம்: ஒழுங்காகக் கட்டி மூடிய கணக்கு பத்து ஆண்டுகள் வரை அறிக்கையில் இருக்கும், ஃபிகோ அதன் வயதையும் எண்ணும்.

மூடுவதற்கும் ஒரு வரிசை உண்டு. சந்தாவை வேறு கார்டுக்கு மாற்றுங்கள். பாக்கியைப் பூஜ்யமாக்கி, இன்னொரு ஸ்டேட்மென்ட் வரும்வரை காத்திருங்கள். பழைய பாக்கிக்கு மிச்சமிருந்த வட்டி ஓரிரு டாலர் அதில் வரக்கூடும், அதைக் கவனிக்காமல் விட்டால் மூடிய கணக்கிலும் தாமதப் பதிவு விழும். ஆட்டோபேயைக் கடைசியாக நிறுத்துங்கள். மூடியதற்கு எழுத்தில் உறுதி கேளுங்கள். இரண்டு மாதம் கழித்து மூன்று அறிக்கைகளையும் எடுத்து, கணக்கு வாடிக்கையாளரால் மூடப்பட்டது, பாக்கி பூஜ்யம் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். வேறு மாதிரி இருந்தால் அந்தக் கடிதத்தை இணைத்து ஆட்சேபம் அனுப்புங்கள்.