உள்ளாட்சிகளின் செலவுத் திறனை ஒப்பிடுவது எப்படி?

சொந்தமாக வருவாய் திரட்டும் உள்ளாட்சி திறமையாகச் செலவழிக்கிறதா என்று பார்க்கவே இந்த ஒப்பீடு. அதற்கு உள்ளாட்சி வழியாக எவ்வளவு பணம் போகிறது என்பதை மட்டும் பார்த்து நிதிப் பரவலாக்கத்தை, அதாவது வரவு செலவு முடிவுகள் உள்ளாட்சியின் கைக்கு வந்திருக்கும் அளவை, அளக்காதீர்கள். மேலிருந்து வந்த பணத்தை மேலிருந்து வந்த உத்தரவுப்படி செலவழிக்கும் உள்ளாட்சி வெறும் பட்டுவாடா அலுவலகம்தான். எனவே முதலில் வருவாயை மூன்றாகப் பிரியுங்கள்: விகிதத்தை உள்ளாட்சியே முடிவுசெய்யும் வரிகளும் கட்டணங்களும், நிபந்தனையற்ற மானியம், குறிப்பிட்ட திட்டத்துக்கு மட்டுமான மானியம். மொத்த வருவாயில் முதல் வகையின் பங்குதான் நம்பத்தக்க அளவுகோல்.

செலவுக்கு மூன்றாண்டுச் சராசரியாவது எடுங்கள். தேர்தல் ஆண்டின் செலவு தனியாக நின்றால் ஏமாற்றும். பில் பாக்கியையும் கட்டாயம் சேர்க்க வேண்டும். ரொக்க அடிப்படையில் எழுதும் கணக்கில், ஒப்பந்ததாரருக்குத் தராத பணம் செலவாகவே தெரியாது. பாக்கி வைத்தே காலம் தள்ளும் உள்ளாட்சி அங்கே சிக்கனமானதாகத் தோன்றும். வேறு துறை கட்டிக்கொடுத்த குடிநீர்த் தொட்டியிலும் இதே கோளாறுதான்: பலன் கணக்கில் ஏறும், செலவு ஏறாது.

பலனைப் பொருளாக அளவிடுங்கள். அகற்றிய குப்பை டன்னில், பராமரித்த சாலை கிலோமீட்டரில். தெருவிளக்கு என்றால் நட்ட கம்பங்களை விட்டுவிட்டு எரியும் விளக்குகளை எண்ணுங்கள்.

ஒப்பிட, சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகியோர் 1978இல் முன்வைத்த தரவு உறைப் பகுப்பாய்வு (Data Envelopment Analysis) பொருத்தமானது. ஒவ்வொரு உள்ளாட்சியையும் மிகத் திறமையாகச் செயல்படுபவற்றோடு ஒப்பிட்டு மதிப்பெண் தரும் கணக்கீடு இது; முழு மதிப்பெண் 1. சிறிய ஊரையும் பெரிய நகரத்தையும் ஒன்றாக வைக்கும்போது, ஊரின் அளவுக்கேற்ப செலவுக்குக் கிடைக்கும் பலனின் விகிதமும் மாறும் என்று கொள்ளும் 1984ஆம் ஆண்டு வடிவமே சரி. மதிப்பெண் 0.8 என்றால், அதே சேவையை 20 சதவீதம் குறைந்த செலவில் தந்திருக்கலாம் என்று பொருள். உள்ளீடு (செலவு வகை) 2, வெளியீடு (சேவை வகை) 3 என்றால் குறைந்தது 15 உள்ளாட்சிகள் தேவை. குறைந்தால் பெரும்பாலானவை 1 வாங்கிவிடும். 1 வாங்கியவற்றை ஒவ்வொன்றாக நீக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஒன்றை எடுத்ததும் மற்றவற்றின் மதிப்பெண் தாவினால், அதன் தரவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியில் மதிப்பெண்ணுக்கும் சொந்த வருவாய்ப் பங்குக்கும் உள்ள தொடர்பைப் பின்னடைவுச் (regression) சமன்பாட்டால் கணியுங்கள். மக்கள் நெருக்கம், வருமானம், நிலப்பரப்பு மூன்றும் அந்தச் சமன்பாட்டில் இருக்கட்டும். மதிப்பெண்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் சாதாரணப் பின்னடைவின் பிழை அளவை நம்பமுடியாது. சைமர், வில்சன் என்ற ஆய்வாளர்கள் 2007இல் தந்த மறுமாதிரி (bootstrap) முறையைக் கையாளுங்கள்; மாதிரிகளைத் திரும்பத் திரும்ப உருவாக்கிப் பிழை அளவைக் கணிக்கும் முறை அது. அதன் பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும். ஏழை ஊர்களுக்கே மானியம் அதிகம் போகும். அங்கே மதிப்பெண் குறைவாக இருந்தால், காரணம் மானியமா வறுமையா என்று ஒரே ஆண்டின் ஒப்பீட்டில் பிரிக்க முடியாது. மானியப் பங்கீட்டு விதி மாறிய ஆண்டைத் தேடி, அதே உள்ளாட்சிகளின் முன்னும் பின்னுமான மதிப்பெண்களை ஒப்பிடுங்கள்.